அழுகிற பெண்ணின் வார்ப்பு

எனக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி அலைகிறான் என்று அம்மா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பாள். அப்படிப்பட்டவனுக்குக் கடவுள் பார்த்துக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? காரீயம் உருகுகிற வரைக்கும் அடுப்புக்கு முன்னால் அசையாமல் நிற்கிற வேலை. அவருக்கும் கொஞ்சம் கேலி செய்யத் தெரியும் என்று நினைக்கிறேன்.

சின்னக் காஞ்சிபுரத்தில் ஒரு அச்சுக்கூடம் அது. பஞ்சாங்கம், பள்ளிக்கூடப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, உற்சவ நோட்டீசு, பட்டுக் கடைக்காரர்கள் பெட்டிமேல் ஒட்டுகிற லேபிள் எல்லாம் அங்கேதான் ஆகும். முன்கட்டில் எழுத்துக் கோக்கிறவர்கள் இருந்தார்கள். நான் பின்கட்டில், தகரம் வேய்ந்த கொட்டகையில் இருந்தேன். சேரிப் பிள்ளை, அதிலும் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன். முன்கட்டில் என்னை வைத்துக்கொள்ள முதலாளிக்கு மனசு இருந்தாலும் தைரியம் இல்லை. அனல் தாங்காமல் வேறு யாரும் அந்தக் கொட்டகைக்குள் வரமாட்டார்கள். அதனால் அது என் ராஜ்யம். அந்த ராஜ்யத்துக்கு ஸ்டீரியோ அறை என்று பெயர்.

வேலை இதுதான். எழுத்தெல்லாம் கோத்து முடித்த பக்கத்தின்மேல், பசை தடவி ஒட்டிய ஈரக் காகித அடுக்கை விரித்து, தூரிகையால் அடி அடியென்று அடிக்க வேண்டும். எழுத்தின் பள்ளமும் மேடும் காகிதத்தில் இறங்கிவிடும். அதைக் காயவைத்து, பெட்டியில் பொருத்தி, உருகின காரீயத்தை ஊற்றினால் பக்கம் முழுவதும் ஒரே தகடாக வந்து நிற்கும். கோத்த எழுத்துகளைப் பிரித்து வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். தகட்டை அலமாரியில் வைத்துக்கொண்டு வேண்டுகிறபோதெல்லாம் அச்சடிக்கலாம். சிக்கனமான ஏற்பாடுதான். ஆனால் தனி எழுத்தாக இருந்தால் ஒன்றைப் பிடுங்கி இன்னொன்றைச் செருகிவிடலாம். தகட்டில் அது நடக்காது. தப்பு இருந்தால் தப்போடு கெட்டியாகிவிடும். உளியை வைத்துக் குடைந்து, புது எழுத்தைச் செருகிப் பற்றவைக்க வேண்டும். அந்த வேலைக்கு என்னைக் கூப்பிட்டால் எனக்கு மூக்குமேல் கோபம் வரும்.

எழுத்துப் பக்கம் மட்டுமில்லை, படங்களும் தகடாக இருந்தன. சென்னைப்பட்டணத்திலிருந்து வாங்கிவந்தவை. குடுமி வைத்த ஐயர் ஒருத்தர், தொந்தி பெருத்த செட்டியார் ஒருத்தர், தறியில் குனிந்தபடி ஒரு நெசவாளி, தலைப்பாகை கட்டிய சாயபு ஒருத்தர். எந்த ஊர் ஐயர் வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும் அதே ஐயர்தான் சிரிப்பார். இவர்களோடு ஒரு பெண்ணும் இருந்தாள். கிழிந்த சேலை, இடுப்பில் குழந்தை, பின்னால் குடிசை, முகத்தில் கையை வைத்து அழுதுகொண்டிருப்பாள். முதலில் பஞ்ச நிவாரண நோட்டீசுக்காக வந்தவளாம். அப்புறம் காலரா என்றாலும் அவள், கள்ளுக்குடியின் கேடு என்றாலும் அவள், சேரிக்குச் சோப்புக் கொடுக்கிற தர்மப் பிரசங்கம் என்றாலும் அவள். தகடு தேயத் தேய அதையே காகிதத்தில் படியவைத்துப் புதுத் தகடு வார்ப்போம். ஒவ்வொரு வார்ப்பிலும் கொஞ்சம் நுணுக்கம் போகும். கண் போயிற்று, மூக்கு போயிற்று, விரல்கள் ஒட்டிக்கொண்டன. கடைசியில் அழுகை மட்டும்தான் மிச்சம்.

இனி என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு இருந்த அவசரம் அத்தனைக்கும் நேர் எதிர். நிதானமாக நடப்பாள், நிதானமாகப் பேசுவாள், வேண்டாம் என்று ஒரு தரம் சொன்னால் அப்புறம் தேவதூதனே வந்தாலும் அசைக்க முடியாது. மிஷன் டிரெயினிங் ஸ்கூலில் படித்து ஆசிரியை ஆனாள். எங்கள் அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா நாற்று நட்டும் களை எடுத்தும்தான் அவளைப் படிக்கவைத்தாள். தேர்ச்சிச் செய்தி வந்த அன்று அம்மா சேரி முழுக்கச் சுற்றி வந்தாள். என் வியாதி எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

பிள்ளையார்பாளையத்தில் நெசவுக்காரர் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்காக ஒரு சின்னப் பள்ளிக்கூடம் நடந்தது. ஊரில் நல்ல மனசுள்ள சில பெரிய மனிதர்கள் கமிட்டி வைத்து நடத்தினார்கள். செயலாளர் ஒரு வக்கீல். இருந்த ஆசிரியை புருஷனோடு வெளியூர் போய்விட, வேறு யாரும் கிடைக்காமல், வக்கீல் துணிந்து என் தங்கையை நியமித்தார். சேரிப் பெண்ணா என்று பெற்றவர்கள் முணுமுணுத்ததில், அவள் போய்ச் சேருவதற்கு முன்னமே பிள்ளைகள் வருவது நின்றுபோயிற்று. இன்ஸ்பெக்டர் வருகிற சமயத்தில் பிள்ளைகள் இல்லாவிட்டால் சர்க்கார் உதவி கிடையாது. பள்ளியை மூடிவிட வேண்டியதுதான். அப்படி ஆனால் தங்கைக்கு வேறு பள்ளிக்கூடம் கொடுக்க யாரும் தயாராக இல்லை. மிஷனில் ஒரு வெள்ளைக்காரத் துரைசானி வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று முன்னமே சொல்லி வைத்திருந்தார்கள். படித்த படிப்பெல்லாம் தூளி ஆட்டுவதற்கா என்று நினைத்தாலே என் வயிறு எரியும். அவள் மட்டும் பாடக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் வக்கீல் அச்சுக்கூடத்துக்கு வந்தார். நல்ல மனிதர், அதைச் சொல்லிவிடுகிறேன். அனலுக்குப் பயந்து கொட்டகை வாசலிலேயே மேல்துண்டால் விசிறிக்கொண்டு நின்றார். நான் பெட்டியைத் திறந்து புதுத் தகட்டைத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தேன்.

“இதுக்கு ஸ்டீரியோடைப்னு ஏன் பேர் வந்தது, தெரியுமோ?” என்றார்.

“தெரியாதுங்க.”

“ஸ்டீரியோஸ்னா கிரேக்க பாஷையில கெட்டின்னு அர்த்தம். டைப்புன்னா அச்சு. கெட்டி அச்சு. பிரெஞ்சுக்கார அச்சுத் தொழிலாளி ஒருத்தன் ரெண்டையும் ஒட்டவெச்சு நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.”

கெட்டி என்பதற்கு எனக்குக் கிரேக்கம் தேவையில்லை, தகட்டைக் காலில் ஒரு தரம் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. அவர் உற்சாகமாகிவிட்டார்.

“இப்போ அமெரிக்காவுல ஒரு பத்திரிகைக்காரர் இந்த வார்த்தையை மனுஷா விஷயத்துக்குக் கொண்டுவந்துட்டார். யுத்தத்துக்கு அப்புறம் வந்த புஸ்தகம். ஒருத்தனை நேர்ல பாக்கறதுக்கு முன்னாடியே இன்னான் இப்படித்தான்னு நாம மனசுல ஒண்ணு வார்த்து வெச்சிருக்கோம் பாரு, அதுக்கு இந்தப் பேர். பார்த்தப்புறமும் கண்ணால பார்க்கறதில்லை, அந்த வார்ப்பைத்தான் பார்க்கறோம். இப்போ வெள்ளைக்காரனையே எடுத்துக்கோ. இந்தியான்னா அவனுக்குப் பாம்பாட்டியும் பிச்சைக்காரச் சாமியாரும்தான். நான் வக்கீல் கோட்டு போட்டுண்டு நின்னாலும் என் கூடையில பாம்பு எங்கேன்னு தேடுவான். எவ்வளவு அநியாயம்!”

உண்மையிலேயே கொதித்துப்போய்த்தான் சொன்னார். எனக்கும் கொதித்தது. அப்புறம் அவர் முதலாளி பக்கம் திரும்பினார்.

“பள்ளிக்கூட நோட்டீசுக்கு ஒரு படம் வேணுமே. அந்த அழற பொம்மனாட்டி இருக்காளே, அவளைப் போட்டுடுங்கோ.”

கையிலிருந்த தகட்டைக் கீழே வைத்தேன். வைத்தேனா போட்டேனா ஞாபகமில்லை, சத்தம் மட்டும் கேட்டது.

“ஐயா, அது என் தங்கச்சி இல்லீங்க.”

“தெரியும்பா. யாரு இப்போ உன் தங்கைன்னு சொன்னா? சேரியிலேர்ந்து ஒரு பொண்ணு படிச்சு வந்திருக்கா. ஜனங்களுக்கு இரக்கம் வரணும். இரக்கம் வந்தா பிள்ளைகளை அனுப்புவா.”

“இரக்கப்பட்டு யாருங்க பிள்ளைய அனுப்புவாங்க? பழைய சோறு வேணா அனுப்புவாங்க.”

முதலாளி சிரித்துவிட்டார். அவரும் கெட்டவர் இல்லை, என் துடுக்குத்தனம் அவருக்குப் பழகிப்போனது. “ஏம்பா குதிக்கிற? உன் தங்கச்சிக்கு நல்லதுதானே பண்றோம்?” என்றார்.

“அந்தத் தகட்டுல கண்ணு இல்ல, மூக்கு இல்ல. அது ஆளா புளி மூட்டையான்னே தெரியலைங்க.”

“மூக்கு எதுக்கு? அழுவறது தெரிஞ்சா போதாதா?”

என் தங்கையின் போட்டோவைக் கொடுத்துச் சென்னையில் அச்சு பிளாக் செய்துவரச் சொல்லலாமா என்று கேட்டேன். நாள் ஆகும் என்றார்கள். அதுவும் போகட்டும், வீட்டில் போய் அவளிடம் கேட்டதற்கு, “என் மூஞ்சிய சொவத்துல ஒட்டி, அதுமேல மாடு முதுகு சொறியணுமாண்ணா? போ, வேலையப் பாரு” என்று முடித்துவிட்டாள். அந்தத் தகட்டை நான் தொடமாட்டேன் என்று மறுநாள் முதலாளியிடம் சொன்னேன். தொடவேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை. மிஷின்காரர் அலமாரியிலிருந்து எடுத்து, அச்சுக்கு ஏற்றுகிற பாரத்தில் பூட்டினார். சாயங்காலத்துக்குள் பிள்ளையார்பாளையம் முழுக்க அந்தப் பெண் சுவர் சுவராக அழுதுகொண்டிருந்தாள். கீழே கொட்டை எழுத்தில், சேரியிலிருந்து வந்த ஆசிரியை திங்கட்கிழமை முதல் பாடம் நடத்துவார் என்று இருந்தது.

திங்கட்கிழமை காலையில் என்னை வரவேண்டாம் என்று தங்கை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அண்ணன் கூட வந்தால் சண்டைக்கு வந்த மாதிரி இருக்குமாம். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே நடந்தேன். என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். அவள் வெள்ளைச் சேலை, முழுக்கை ரவிக்கை, கையில் குடை, தோளில் துணிப்பை. நிமிர்ந்து, நிதானமாகப் போகிறாள். மேகமூட்டமாக இருந்தது.

தெருமுனையில் பிள்ளையார் கோயில் பக்கத்தில் சில பெண்கள் கூடி நின்றார்கள். நடுவில் நின்ற அம்மாள் வாட்டசாட்டமாக, இடுப்பில் சாவிக்கொத்தோடு இருந்தாள். அந்தத் தெருவில் அவள் வைத்ததுதான் சட்டம் என்பது நிற்கிற தோரணையிலேயே தெரிந்தது. கையில் எங்கள் நோட்டீசு. நான் கோயில் சுவரோரம் நின்றுகொண்டேன். அவர்கள் பேச்சு தெளிவாகக் காதில் விழுந்தது.

“இந்தப் படத்துல இருக்கறவ வந்தாள்னா, கூச்சல் போடக் கூடாது. பதவிசா சொல்லித் திருப்பி அனுப்பிடணும். என்னா?”

“கொழந்த வேற இடுப்புல இருக்குதே, பாவம். அதுக்கு எதனா குடுத்து அனுப்பலாம்.”

“குடுக்கலாம், குடுக்கலாம். ஆனா தெருவுக்குள்ள வரக் கூடாது.”

ஓடிப்போய்த் தங்கையைத் திருப்பிவிடலாமா என்று ஒரு கால் முன்னே வைத்தேன். அதற்குள் அவள் நேராக அந்தக் கூட்டத்திடமே போய்விட்டாள்.

“பள்ளிக்கூடம் எந்தப் பக்கம்மா?”

சாவிக்கொத்து அம்மாள் படத்தை மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். “நேரா போம்மா. இன்ஸ்பெக்டர் ஆபீசுலருந்து வரீங்களா? பாவு விரிச்சிருக்குது, தாண்டிடாதீங்க, ஓரமா போங்க” என்று மரியாதையாகக் கையைக் காட்டி வழிவிட்டாள். வழிவிட்டபின் எல்லாரும் மறுபடி தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அழுகிறவள் வருவதற்காக.

எனக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா? இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன.

பிள்ளையார்பாளையத்துத் தெருக்களைக் காலையில் பார்த்தவர்களுக்குத் தெரியும். தறியில் ஏற்றுவதற்கு முன், நீளவாட்டில் ஓடுகிற இழைகளான பட்டுப் பாவைத் தெரு நீளத்துக்கு மூங்கில் கவைகள்மேல் விரித்துக் கட்டி, கஞ்சி போட்டு, இழை இழையாகச் சீர் செய்வார்கள். அந்த நேரத்தில் மாடு வரக் கூடாது, வண்டி வரக் கூடாது, அந்நியன் கை படக் கூடாது. ஆனால் மழைத்துளி விழுந்தால் மட்டும் இந்தச் சட்டமெல்லாம் பறந்துவிடும். அப்போது தெருவில் போகிறவர் யாராக இருந்தாலும் ஒரு கை கொடுத்துச் சுருட்டியே ஆக வேண்டும். நனைந்தால் இழை ஒட்டிக்கொள்ளும், பல நாள் உழைப்பு போய்விடும்.

அன்று துளி விழுந்தது. பெரிய பெரிய துளி. “ஐயையோ, பாவு! பாவு!” என்று தெரு முழுக்க அலறல். சாவிக்கொத்து அம்மாளின் வீட்டுப் பாவுதான் அது. ஒரு கல்யாணக் கூறைச் சேலைக்கு விரித்தது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். எதிர் முனையில் ஆள் இல்லை. அங்கே என் தங்கைதான் நின்றாள்.

“ஏம்மா! பாத்துக்கினு நிக்கறியே! அந்த முனைய அவுத்துப் புடிம்மா!”

நான் இருந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். எங்கே தொடலாம், எங்கே தொடக் கூடாது என்பது எங்கள் கைகளுக்குச் சின்ன வயதிலேயே பழகிவிடும். என் கை நீளவே இல்லை. அவள் கை நீண்டது. குடையைக் கீழே போட்டாள், முனையை அவிழ்த்தாள், இரண்டு கையாலும் பாவை நெஞ்சோடு தாங்கிப் பிடித்து, அவர்கள் சொன்ன மாதிரியே சுருட்டிக்கொண்டு வந்தாள். அந்த அம்மாளும் இவளும் நடுத்தெருவில் எதிரெதிரே வந்து சேர்ந்தபோது மழை சோவென்று கொட்டியது. இருவரும் பாவோடு வீட்டுக்குள் ஓடினார்கள்.

நான் எதிர்த் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றேன். திறந்த கதவு வழியாக உள்ளே எல்லாம் தெரிந்தது, மழை ஓய்ந்ததும் பேச்சும் கேட்டது. தறி இருக்கிற கூடத்திலேயே அவளை உட்காரவைத்தார்கள். துவட்டிக்கொள்ளத் துண்டு வந்தது. பித்தளைத் தம்ளரில் காப்பி வந்தது. அவள் குடித்தாள்.

“நல்ல நேரத்துல வந்தம்மா. பாவு நனைஞ்சிருந்தா எங்க ஊட்டுக்காரரு என்னத் தோல உரிச்சிருப்பாரு. யாரு ஊட்டுப் பொண்ணும்மா நீ?”

“நான்தாம்மா புது டீச்சர்.”

அந்த அம்மாள் தம்ளரைப் பார்த்தாள், சுருட்டி வைத்த பாவைப் பார்த்தாள், இடுப்பிலிருந்த நோட்டீசை எடுத்துப் பிரித்துப் பார்த்தாள். மறுபடி என் தங்கையைப் பார்த்தாள். பாவு தீட்டாகிவிட்டது என்று சொன்னால் அறுத்துத்தான் போட வேண்டும். அப்படிச் சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை.

“நீ இந்தப் படம் மாதிரி இல்லியேம்மா” என்றாள் கடைசியில்.

“இல்லம்மா” என்றாள் தங்கை. தம்ளரைக் கழுவட்டுமா என்று கேட்டாள். அந்த அம்மாள் வெடுக்கென்று அதைப் பிடுங்கிக்கொண்டு, “வை வை, நான் கழுவிக்கறேன்” என்றாள். அன்றைக்கே தன் சின்னப் பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டாள். அவள் அனுப்பினாளென்றால் தெருவே அனுப்பின மாதிரி. இரண்டொரு நாளில் பள்ளிக்கூடம் நிறைந்துவிட்டது. நான் கொட்டகைக்குள் காரீயத்தோடு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன்.

தங்கை மட்டும் பாடவில்லை. ஒரு சாயங்காலம் வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள். முகம் கறுத்திருந்தது.

“தெனம் ஒருத்தி வந்து, நீ அவங்க மாதிரி இல்லம்மான்னு சொல்லிட்டுப் போறா.”

“சொல்லட்டுமே. நல்லதாத்தானே சொல்றாங்க?”

“இன்னிக்கு அந்தப் பாவுக்கார அம்மா கேட்டாங்கண்ணா. உங்கம்மா இன்னும் அப்படியே அழுதுக்கினுதான் இருக்காங்களான்னு. படத்துல இருக்கறது நம்ம அம்மாவாம். இடுப்புல இருக்கறது நானாம். தெரு மொத்தமும் அப்படித்தான் பேசிக்கினு இருக்குது.”

அட கடவுளே! என் தங்கையை நேரில் பார்த்தும், தங்கள் கையால் காப்பி கொடுத்தும் அந்த வார்ப்பு உடையவில்லை. அதைக் கொஞ்சம் நகர்த்தி எங்கள் அம்மாமேல் வைத்துவிட்டார்கள். கிரேக்கக்காரன் கெட்டி என்று சொன்னானே, இதுதான் கெட்டி.

“நம்ம அம்மா என்னிக்கு அழுதுக்கினு நின்னா?” என்றாள் தங்கை. “அப்பா போனப்பகூட அடுத்த நாள் நடவுக்குப் போனவ. நாளைக்கு நான் அம்மாவப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கினு போறேன்.”

“பைத்தியமாடி உனக்கு?” என்று கத்தினேன். “பாவு காப்பாத்துனதால உன்ன விட்டாங்க. அம்மா உள்ள போனா எல்லாப் பிள்ளையும் எழுந்து போயிடும். இன்ஸ்பெக்டர் வரப் போறாரு. துரைசானி ஊட்டுக்குப் போய்த் தூளி ஆட்டறியா?”

“ஆட்டறேன். எங்கம்மாவ அழவெச்சு டீச்சரா இருக்கறதுக்கு அது மேல்.”

அன்று சாப்பிடாமல் சேரிக்கும் ஏரிக்கரைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். இப்போது நினைத்தாலும் நான் சொன்னது தப்பு என்று படவில்லை. கையில் கிடைத்ததைக் காப்பாற்றிக்கொள் என்று சொல்வது தப்பா? ஆனால் அவள் வேண்டாம் என்று ஒரு தரம் சொல்லிவிட்டாள்.

மறுநாள் அம்மா வெற்றிலையை மென்றுகொண்டே கிளம்பினாள். படம், நோட்டீசு, தெருப் பேச்சு எதையுமே நாங்கள் அவளிடம் சொல்லவில்லை. மகள் பாடம் நடத்துவதைப் பார்க்கப் போகிறோம் என்ற ஒரே நினைப்பு. வயலுக்குக் கட்டுகிற சேலைதான், துவைத்துக் கட்டியிருந்தாள். நல்ல உயரம், நல்ல கறுப்பு, சிரித்தால் தெருக்கோடிக்குக் கேட்கும். பிள்ளையார்பாளையத்தில் நுழைந்ததும் பழக்கத்தில் தெரு ஓரமாக ஒதுங்கினாள். தங்கை கையைப் பிடித்து நடுவுக்கு இழுத்தாள். நான் பின்னால், வேர்த்து விறுவிறுத்துக்கொண்டு.

பள்ளிக்கூடம் என்பது பழைய பட்டுக் கிடங்கு ஒன்றுதான். பெண் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். “டீச்சரோட அம்மா!” என்று கத்தல் எழுந்தது. பாவுக்கார அம்மாளின் சின்னப் பெண் எழுந்து ஓடிவந்து என் அம்மாவின் முகத்தை அண்ணாந்து பார்த்தது.

“நீ ஏன் அழல?”

“எதுக்குடி கண்ணு அழணும்?” என்று அம்மா சிரித்தாள். “என் பொண்ணு டீச்சரம்மா. நான் ஏன் அழப் போறேன்?”

“நீ அழுதுக்கினே இருப்பியாமே. படத்துல இருக்குதே.”

பிள்ளைகள் எல்லாம் சுவரைக் காட்டின. கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த நோட்டீசு. அம்மா அதற்குப் பக்கத்தில் போனாள். அதற்குள் செய்தி தெருவில் பரவி, பெண்கள் வாசலில் வந்து கூடிவிட்டார்கள். தங்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தார்கள் என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. பாவுக்கார அம்மாள் முன்னால் நின்றாள். மற்றவர்கள் அவள் என்ன செய்கிறாள் என்று பார்த்துக்கொண்டு பின்னால் நின்றார்கள். தங்கையின் கையில் சுண்ணக்கட்டி இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா யாரையும் கவனிக்கவில்லை. படத்துக்கு முன்னால் குனிந்து உற்றுப் பார்த்தாள். எழுத்துத் தெரியாதவள் அவள். நான் முதலாளியிடம் போட்ட சண்டையும் தெரியாது.

“யாரு பெத்த பொண்ணோ, பாவம்” என்றாள். “கைக்கொழந்தய வெச்சுக்கினு இப்படி அழுவுது. ஒருத்தருமா பாக்கல?” அப்புறம் திரும்பி, வாசலில் நின்ற பாவுக்கார அம்மாளிடமே கேட்டாள். “யாரும்மா இது? உங்க தெருப் பொண்ணா?”

அந்த அம்மாள் என் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வெற்றிலைச் சிவப்பு, சிரிப்பு இன்னும் முழுக்கக் கலையாத கண், மண் உரசிக் காய்த்துப்போன விரல்கள். அதுவரை அவள் எங்கள் சேரியில் ஒருத்தியையாவது இவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்திருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இல்லம்மா. எங்க தெருவு இல்ல” என்றாள் மெதுவாக. “எங்களுக்கும் தெரியாது. யாருன்னு நாங்களும் பாத்ததில்ல.”

அவள் பெண் இன்னும் என் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்த அம்மாள் அதைக் கையைப் பிடித்து இழுத்துப் போவாள் என்று நான் எதிர்பார்த்தேன். தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

“போயி உக்காரு. பெரியவங்கள நிக்கவெச்சு என்னா கேள்வி? டீச்சரம்மா பாடம் ஆரம்பிக்கணும் இல்ல?”

பின்னால் நின்றவர்களில் ஒருத்தி மட்டும் தன் பெண்ணை இழுத்துக்கொண்டு வேகமாகப் போனாள். மற்றவர்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மத்தியானச் சோற்றுக்கு உலை வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு கலைந்தார்கள். அம்மா மட்டும் அந்த அழுகிற பெண்ணை விட்டு நகரவில்லை.

“இந்தப் பொண்ணு எந்த ஊருன்னு சொல்லுடா,” என்று என் கையைப் பிடித்தாள். “நடவு இருக்குது. நம்மளோட கூட்டிக்கினு போலாம்.”